பிடியரிசிக் கலயமும் கடலடி அரண்மனையும்

அந்தப் புத்தகத்தின் காகிதம் துணியைப் போல இருந்தது. தடவினால் விரலுக்கு அடியில் சுருக்கம் சுருக்கமாக நெளியும், கசக்கினாலும் கிழியாது. இங்கிலீஷில் அச்சிட்ட ஜப்பான் கதைகள், அங்கே ஊழியம் செய்யும் தன் தங்கை அனுப்பியது என்று, நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா அதை என்னிடம் கொடுத்தபோது, நான் முதலில் அதை முகர்ந்துதான் பார்த்தேன். நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த பட்டின் வாசனையும், அதற்கு அடியில் கடலின் வாசனையும் வந்தது. கப்பலில் வரும் எல்லாச் சாமானுக்கும் அந்த வாசனை உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று அது அந்தக் கதைகளின் வாசனை என்றே நினைத்தேன்.

ஜப்பான் ருஷ்யாவைத் தோற்கடித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் ஜப்பான் தீப்பெட்டி வந்திருந்தது, ஜப்பான் குடை வந்திருந்தது. அந்தத் தேசத்தைப் பற்றிக் கேட்க எல்லாருக்கும் ஆசை.

"நீ இந்தக் கதைகளைத் தமிழில் எழுதவேண்டும், மகளே" என்றார்கள் மிஸ்ஸியம்மா. அவர்கள் பேசும் தமிழ் வேதாகமத்திலிருந்து படித்த தமிழ். "தனித்தனியாக அல்ல. எல்லாவற்றையும் ஒரே நாவலாகக் கோத்து எழுது. நம்முடைய பெண்கள் கையில் எடுத்தால் கீழே வைக்கக்கூடாது." சற்று யோசித்துவிட்டு, "ஆமையின்மேல் ஒருவன் சவாரி செய்கிறதை நம்புகிறவர்கள் எதையும் நம்பிவிடுவார்களே என்று சபையின் பாதிரி ஐயர் பயப்படுகிறார். நீ பயப்படாதே" என்று சிரித்தார்கள்.

நான் பயப்படவில்லை. பயப்படுவதற்கு என் வீட்டில் வேறு காரியங்கள் இருந்தன.

எனக்கு ஒரு மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அவளுக்குப் பிறகு ஒரு ஆண்பிள்ளை பிறந்து, ஏழு மாதம் எங்களோடு இருந்து, காய்ச்சலில் போய்விட்டான். அவனைக் கோயில் தோட்டத்தில் அடக்கம்பண்ணி மூன்று மாதத்தில் என் கணவர் பாபநாசத்துக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது என்று மலைக்குப் போனார். ஊரில் வேலை இல்லாமலில்லை. தொட்டில் கட்டியிருந்த உத்தரத்துக்குக் கீழே அவரால் படுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனார். முதலில் வாரம் ஒரு கடிதம் வந்தது. பிறகு மாதம் ஒன்று. கடைசியாக வந்த கடிதத்தில் நான்கு வரிதான் இருந்தது: இங்கே மழை விடவில்லை. மேகம் வாசல் வழியாக வந்து ஜன்னல் வழியாகப் போகிறது. கோயில் மணி இல்லாததால் ஞாயிறு தெரியவில்லை. நாள் போவதே தெரியவில்லை.

அந்தக் கடிதத்தை என் மகள் மனப்பாடமாக வைத்திருந்தாள். நானோ அதற்குப் பதில் எழுதவில்லை. போனவர் தாமாக வரட்டும் என்று இருந்தேன். எனக்கும் அதே உத்தரத்துக்குக் கீழேதானே படுக்கை.

இப்படியாகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டுக்கொள்வேன். ஆடிக் காற்று பனைகளை உலுக்கும் சத்தம் அலையடிப்பது போலக் கேட்கும். வெயில் சாய்ந்து பச்சைக் கண்ணாடி வழியாக வரும்போது சுவர், பாய், தண்ணீர்க் குடம் எல்லாம் பச்சையாகி, வீடே தண்ணீருக்கு அடியில் போய்விட்டதுபோல் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் எனக்கு யாரும் செத்துப்போகவில்லை, யாரும் மலைக்குப் போகவில்லை.

கதைகளைத் தமிழாக்குவது நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. உறைபனி விழும் இரவில் ஒரு பெண் வருகிறாள். அவள் மூச்சுப் பட்டவர்கள் உறைந்துபோகிறார்கள். உறைபனியை நானே பார்த்ததில்லை. பஞ்சுப்பேட்டையில் காற்றடிக்கும் நாளில் தெருவெல்லாம் பறக்குமே, அந்தப் பஞ்சைப் போல என்று எழுதினேன். இன்னொரு கதையில் ஆற்றில் ஒரு பெரிய பழம் மிதந்து வருகிறது, அதற்குள் ஒரு குழந்தை. அந்தப் பழத்தை இங்கே யாரும் கண்டதில்லை. தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது மலையிலிருந்து பலாப்பழங்கள் உருண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் பலாப்பழம் என்று எழுதினேன். வாசித்துக் காட்டியபோது என் மகள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்மா, பிள்ளைக்கு முள்ளு குத்தாதா?"

"முள்ளு வெளியிலதானட்டி இருக்கு."

"அப்போ உள்ள பிசினா இருக்குமே. எண்ணெய் தடவித்தான் பிள்ளையை எடுக்கணும்."

எண்ணெயையும் சேர்த்து எழுதினேன். மூங்கிலுக்குள் கிடைத்து நிலாவுக்குத் திரும்பிப் போகும் பெண்ணைப் பாபநாசத்து மூங்கில் காட்டில் கொண்டுவந்து வைத்தேன். ஆமைமேல் ஏறிப் போகும் மீன்காரன் ஜப்பான்காரனாகவே இருந்தான். ஆனால் அவன் புறப்படும் கடற்கரையை நான் கண்ணால் கண்டது புன்னக்காயலில்தான். சிறுவயதில் ஒருமுறை போயிருக்கிறேன். ஆறு வந்து கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாக இருக்கும். அந்த இரண்டு நிறத்துக்கும் நடுவே உள்ள கோட்டில் ஆமை தலைதூக்கியது என்று எழுதினேன். இந்த மீன்காரனைத்தான் நாவலுக்கு நாயகன் ஆக்கினேன். மற்றக் கதைகளையெல்லாம் கடலுக்கு அடியிலிருக்கும் அரண்மனையில் அவனுக்குச் சொல்லப்படும் கதைகளாக வைத்தேன்.

இங்கே எங்கள் வீட்டுக் கலயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் சபைகளில் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று எடுத்து வேறு ஒரு கலயத்தில் போட்டுவைப்போம். சனிக்கிழமை காலையில் பைபிள் அம்மா வந்து அதைக் கொட்டிக்கொண்டு போவாள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுகிறவள் அவள். என் கலயத்தின் வாயைத் துணியால் இறுகக் கட்டி, துணியில் ஒரு கீறல் விட்டிருந்தேன். அரிசி அந்த வழியாக உள்ளே போகும், வெளியே வராது. சில வீடுகளில் அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு பிறகு போடுவார்கள் என்று கேள்வி. நான் அந்த முடிச்சைத் தொட்டதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

மீன்காரன் ஒரு பெட்டியைத் திறந்ததும் புகை எழும்புகிற கடைசிப் படத்தைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, ஒருநாள் என் மகள் கலயத்தின் அருகே உட்கார்ந்து கேட்டாள்: "இதுதான் நம்ம வீட்டுப் பெட்டியாம்மா? தொறந்தா புகை வருமோ?"

"கைய வைக்கப்பிடாது. கர்த்தருடையது."

"நீங்க ஒருநாளும் தொறந்து பாத்ததே இல்லையா?"

"சனிக்கிழமைக்கு முன்னால தொறக்கவே மாட்டேன்" என்றேன். அதை எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆடி அமாவாசை வந்த வாரம். திங்கட்கிழமை காலையில் எங்களுக்குத் தயிர் ஊற்றுகிற பெண் தலையிலிருந்த தயிர்ப்பானையை இறக்கிவைத்துச் சொன்னாள்: "வாத்தியாரம்மா, நாளைக் கழிச்சுக் காலம்பற கெளம்புதோம். மலைமேல ஐயனார் கோயிலுக்கு. எங்க தெருவுலருந்து ஏழு வண்டி போவுது. ஒரு வாரம் தயிரு வராது, பாத்துக்கிடுங்க."

போய்வா என்று சொல்வதும் கிறிஸ்தவர்களான எங்களுக்கு வழக்கமில்லை. போகாதே என்பதும் மரியாதையில்லை. "சரி" என்றேன்.

"பிள்ளையோட அப்பா அங்கன மேலதான இருக்காவ? எதும் சொல்லிவிடுதியளா?"

"ஒண்ணுமில்லை" என்றேன்.

என் மகள் தயிர்ச்சட்டியைக் கையில் ஏந்தியபடி அங்கேயே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை விளக்கேற்றி ஜெபம் முடிந்ததும் புதிதாக எழுதிய அதிகாரத்தை அவளுக்கு வாசித்தேன். மீன்காரன் அரண்மனையில் மூன்று நாள் இருந்ததாக நினைக்கிறான். வெளியே முந்நூறு வருஷம் போய்விட்டது. ராஜகுமாரத்தி ஒரு அரக்குப் பெட்டியைக் கொடுத்து, இதைத் திறக்காதே என்று சொல்லி அனுப்புகிறாள். அவன் ஊருக்கு வந்தால் வீடும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. பெட்டியைத் திறக்கிறான். வெள்ளைப் புகை எழும்பி முகத்தில் பட்டு, ஒரு நொடியில் தலை நரைத்துக் கிழவனாகிறான். இதுவரை மூலத்தில் உள்ளது. அதை வாசித்து முடித்ததும் அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவனுக்கு நாள் போறது தெரியலையாம்மா?"

"தெரியலை. அங்கன காலையும் இல்லை, சாயங்காலமும் இல்லை. எப்பவும் ஒரே வெளிச்சம்."

"யாராச்சும் போய்ச் சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா வந்திருப்பான்."

"பெறகு ஏன் ஒருத்தரும் போகலை?"

நான் பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அம்புட்டு தூரம் யாருட்டி போறது?" என்றேன்.

புதன்கிழமைதோறும் எங்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர்களுக்கு முதல் மணிக்கு முன்பே ஒரு ஜெபம் உண்டு. அதற்காக நான் வெள்ளென உலை வைத்து, பிடியரிசியைப் போட்டு, சோற்றை வடித்து வைத்துவிட்டு முன்னால் போய்விடுவேன். மணியடிக்கும்போது என் மகள் வருவாள். அன்று மணியடித்தது, அவள் வரவில்லை. இரண்டாம் மணிக்கும் அவள் இடம் காலியாக இருந்தது. வீட்டுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. பாய் சுருட்டியிருந்தது. அவளுடைய கற்பலகை மேசைமேல் இருந்தது. அதில் ஒரு ஆமை, அதன் முதுகில் ஒரு ஆள்.

அன்று பகலை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. யாரோ கிணற்றில் பாதாளக்கரண்டியை இறக்கினார்கள். எப்போதோ விழுந்த ஒரு பித்தளைச் செம்பு பாசியோடு வந்தது. சபையில் உள்ள எல்லா வீட்டுக்கும் போனோம். ஆற்றுப் படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்டோம். அன்று காலை ஏழு வண்டிகள் மேற்கே போயின என்று அவர்களில் ஒருத்தி சொன்னதும் நினைவிருக்கிறது. அந்த வண்டிகளில் எங்கள் பிள்ளை ஒன்று ஏறியிருக்கும் என்று எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஐயனார் கோயிலுக்குப் போகும் வண்டி எங்கள் கண்ணுக்கு முன்னால் போனாலும் அது எங்கள் ஊரில் போகாத வண்டி.

என் மனது முழுவதும் அந்தக் கற்பலகையில் இருந்தது. யாராச்சும் போய்ச் சொல்லியிருந்தா? அவள் கடலுக்குப் போயிருக்கிறாள். நான் எழுதிய கரைக்கு, இரண்டு நிறத் தண்ணீருக்கு, ஆமையைத் தேடிப் போயிருக்கிறாள். மிஸ்ஸியம்மாவிடம் சொன்னேன். அவர்கள் ஒரு வார்த்தையும் கேட்காமல் தங்கள் வில்வண்டியைப் பூட்டச் சொன்னார்கள். புதன் சாயங்காலமே புறப்பட்டேன்.

புன்னக்காயலை அடைந்தபோது வியாழக்கிழமை பகல் திரும்பியிருந்தது. வழியெல்லாம் சாலையில் நடக்கும் ஒவ்வொரு சின்ன உருவமும் என் மகளாக இருந்து, அருகே வந்ததும் வேறு பிள்ளையாக மாறியது. கடற்கரை நான் எழுதியதுபோலவே இருந்தது. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. ஆறு பழுப்பாக வந்தது, கடல் பச்சையாகக் கிடந்தது, நடுவே ஒரு கோடு அசைந்துகொண்டே இருந்தது. காற்றில் மணல் பறந்து வானமும் கரையும் ஒன்றாகத் தெரிந்தன. என் சொந்தக் கைப்பிரதிக்குள் நடப்பதுபோல் இருந்தது.

கரையில் மூன்று நான்கு பேர் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே ஒரு ஆமை மல்லாந்து கிடந்தது. பெரிய ஆமை. துடுப்புபோன்ற கைகளைக் காற்றில் மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தது.

"ஒரு பொம்பளைப் பிள்ளை இங்கன வந்துச்சா? ஒன்பது வயசு. ரெட்டைப் பின்னல்" என்று கேட்டேன்.

அவர்களில் மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்கன ஒரு பிள்ளையும் வரலியே தாயி. எங்கருந்து வாரிய?"

"பாளையங்கோட்டை."

"பாளையங்கோட்டைலருந்து பிள்ளை இங்கன எதுக்கு வருது?"

என்ன சொல்வேன்? ஆமையைப் பார்க்க வந்திருக்கும் என்றேன். ஒரு இளவட்டம் சிரித்துவிட்டான். "ஆமையப் பாக்கவா? சொல்லிவிட்டிருந்தா நாங்களே கொண்டாந்து காட்டியிருப்போமே!"

"ஏலே, வாயை மூடு. அந்தம்மா மொகத்தைப் பாரு" என்றார் மூத்தவர்.

ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பகுத்தறிவும் பூகோளமும் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

"கரைக்கு வந்தா எல்லா ஆமைக்கும் கண்ணு வடியும். அதுக்குன்னு விட முடியுமா?" என்றார் அவர். ஆனால் அவர் மனைவி மீன்கூடையை இறக்கிவைத்து எழுந்து வந்தாள். "பிள்ளையைத் தொலைச்சுட்டு நிக்கிற பொம்பளை கேக்கா. மாதா பாத்துக்கிட்டு இருக்கா. விட்ருங்க" என்றாள். யாரும் அசையவில்லை. அவளும் நானுமாகக் குனிந்து அதன் ஓட்டின் விளிம்பைப் பிடித்துப் புரட்டினோம். கை வழுக்கிற்று. இரண்டாம் முறை திரும்பிவிட்டது. அது மணலில் ஒரு அகலமான தடம் போட்டுக்கொண்டு பைய நகர்ந்து தண்ணீருக்குள் போனது. நான் முழங்கால்வரை நனைந்து அந்தக் கோட்டைப் பார்த்து நின்றேன். தலையைத் தூக்கி ஏதாவது சொல்லும் என்று காத்திருந்தேன். அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் காத்திருந்தேன்.

அது ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் கரையேற்றினாள். தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கஞ்சி கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் அவள் கணவரும் மற்றவர்களும் கரை நெடுகத் தேடிவிட்டுக் கையை விரித்தார்கள்.

அன்று இரவே புறப்பட்டு, வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தேன். வண்டிக்காரர் சாப்பிடாமல் இருந்தார். அவருக்காகவேனும் கஞ்சி வைக்கவேண்டுமே என்று அடுப்பைப் பற்றவைத்தேன். அரிசியை அளந்தேன். வழக்கம்போல் ஒரு பிடி எடுத்தேன். கலயத்தின் மேல் கையை வைத்தபடி, "ஆண்டவரே, என் பிள்ளை இருக்கிற இடத்தை எனக்குக் காட்டும்" என்று வாய்விட்டு ஜெபித்தேன். ஜெபித்துவிட்டுக் கையிலிருந்த அரிசியைக் கீறல் வழியாக உள்ளே போட்டேன்.

இதை இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னால் நிதானமாக நினைக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் பைபிள் அம்மா வந்தாள். அன்று வரக்கூடாதென்றுதான் நினைத்தாளாம். ஆனால் என்னைத் தனியாக விடவும் மனதில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல் அவள் தன் வேலையைச் செய்தாள். முடிச்சை அவிழ்த்துக் கலயத்தைச் சுளகில் கவிழ்த்தாள். அரிசியோடு ஒரு தாள் விழுந்தது.

"இது என்னது? கர்த்தருக்குக் கடுதாசியா?" என்றாள்.

அந்தக் காகிதம் துணியைப் போல இருந்தது. ஜப்பான் புத்தகத்தின் கடைசித் தாள். ஒரு பக்கத்தில் மீன்காரனும் பெட்டியும் புகையும். வெறுமையான மறுபக்கத்தில் பென்சிலால் குண்டு குண்டாக என் மகளின் எழுத்து. "அம்மா, நான் அப்பாவைக் கூப்பிடப் போகிறேன். தயிர்க்கார அக்கா வண்டியில் போகிறேன். நீங்கள் சனிக்கிழமைக்கு முன்னால் இதைத் திறக்க மாட்டீர்கள். அதற்குள் நான் போய்விடுவேன். அப்பாவுக்கு நாள் போவது தெரியவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லவேண்டும். அழ வேண்டாம்."

செவ்வாய் இரவே போட்டிருக்கிறாள் என்று புரிந்ததும், அதற்குப் பிறகு நான் போட்ட பிடிகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அந்தத் தாளின் மேல் விழுந்தவை இரண்டு. புதன் காலையில் ஒன்று. நேற்று மாலை ஜெபித்துவிட்டுப் போட்டது ஒன்று.

மத்தியான ரயிலில் அம்பாசமுத்திரத்துக்குப் புறப்பட்டேன். பைபிள் அம்மாவும் கூட வந்தாள். ரயில் ஆற்றை விட்டு விலகியும் சேர்ந்தும் போயிற்று. வயல்களில் நாற்று பச்சையாக நின்றது. காற்று அதன்மேல் கையோட்டியதுபோல் ஓடியது. மேற்கே மலை முழுவதையும் மேகம் மூடியிருந்தது. அந்த மேகம் ஒரு வாசல் வழியாக நுழைந்து ஒரு ஜன்னல் வழியாக வெளியேறுகிறது என்று நினைத்தேன். மலை நெருங்க நெருங்க, அரண்மனை கடலுக்கு அடியில் இல்லை, அங்கேதான் இருக்கிறது என்று பட்டது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது எப்போதோ தெரிந்திருந்தது. எழுதியவளுக்குத் தெரியவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து மாட்டுவண்டி பிடித்துப் பாபநாசத்தில் இறங்கியபோது வெயில் மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அமாவாசைக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. ஆற்றங்கரை நெடுக அவிழ்த்துப்போட்ட வண்டிகள், கல் அடுப்புகள், காய்ந்துகொண்டிருக்கும் சேலைகள். தயிர்க்காரிதான் முதலில் என்னைக் கண்டாள்.

"நல்லாயிருக்கு வாத்தியாரம்மா! பிள்ளையை எங்ககூட அனுப்பிட்டு, பொறவு நீங்களும் பின்னாலேயே வாரியளாக்கும்?"

"நான் அனுப்பலை" என்றேன்.

அவள் முகம் மாறியது. "அம்மா போயிட்டு வரச் சொன்னாங்கன்னுல்லா சொன்னா! பொட்டணத்துல மாத்துத்துணி எல்லாம் கொண்டாந்தாளே! அடி கள்ளி, எங்கட்டி இருக்க?" பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "ஒண்ணும் ஆவலைம்மா. என் மடியிலதான் தூங்குனா. மேல போற ஆளுகிட்டச் சொல்லிவிட்டேன். அவுக அப்பா இன்னைக்குத்தான் எறங்கி வந்தாக. அந்தா, படித்துறையில."

படித்துறையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். கம்பளியைப் போர்த்தியிருந்தார். அவர் பக்கத்தில் என் மகள். அவர் தலையை அவள் இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தாள். தலை முழுதும் வெள்ளை. அவர் திரும்பிப் பார்த்தார். என் கணவர்.

என் மகள் எழுந்து ஓடிவந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அடிப்பேன் என்று அவள் பயப்படவில்லை. அவளுடைய அழுகை வேறு. "நான் பிந்திட்டேம்மா" என்றாள். "நான் வாரதுக்கு முன்னாலேயே அப்பா தொறந்துட்டாங்க. தலையைப் பாருங்க."

"என்னத்தைத் தொறந்தேன்? காலையிலருந்து இதையேதான் சொல்லுதா" என்றார் அவர். மலைக்காய்ச்சல் அவரை இரண்டு முறை கீழே தள்ளியிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண் மட்டும் பழைய கண். "பிள்ளை இம்புட்டு வளந்துட்டாளே. நான் போயி ஒரு எட்டு மாசம் இருக்குமா?"

"ரெண்டு வருஷம் ஆவப்போவுது" என்றேன்.

அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு கம்பளிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். பைபிள் அம்மா அந்தப் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிந்தலைட்டி" என்று நான் என் மகளிடம் சொன்னேன். அவளிடம் சொன்னேனா, அவரிடம் சொன்னேனா என்று தெரியவில்லை. "வீடு அங்கனயேதான் இருக்கு. நாமளும் இருக்கோம். மீன்காரனுக்கு அதெல்லாம் இல்லை."

"அப்போ புகை?"

"அது காய்ச்சல்" என்றேன். அவள் முழுதாக நம்பவில்லை.

அவர் எங்களோடு இறங்கி வந்தார். தொட்டில் கட்டியிருந்த உத்தரத்துக்குக் கீழே படுக்கையைப் போடாமல் கூடத்தில் போட்டோம். அது ஏன் அதற்கு முன்னால் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் தயிர்க்காரி வந்தபோது ஒரு நாழி தயிர் அதிகமாகவே ஊற்றினாள். அவளுக்கு என்மேல் கோபமும் இருந்தது, இரக்கமும் இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லிவிடுதியளான்னு அன்னைக்கே கேட்டேன்" என்றாள். நான் தயிர்ச்சட்டியை உள்ளே எடுத்துப்போனேன்.

நாவல் முடியவில்லை. மிஸ்ஸியம்மா தங்கள் தேசத்துக்குத் திரும்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பலாப்பழமும் பஞ்சுப்பேட்டையும் மூங்கில் காடும் சுத்தப்பிரதியாக இருக்கின்றன. பெட்டியைத் திறக்கும் இடத்தை மட்டும் என்னால் மறுபடி எழுத முடியவில்லை. மூலத்தில் உள்ளபடி எழுத மனம் வரவில்லை. மாற்றி எழுதினால் அது அவர்கள் கதை இல்லை. இப்போது என் மகளுக்குப் பதினாறு வயது. உபாத்தியாயப் பயிற்சிக்குப் போய்வருகிறாள். "அதை நான் எழுதுதேம்மா" என்கிறாள். கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறேன்.

ஆனால் அவள் சாயங்காலம் வீடு வர அரைமணி நேரம் பிந்தினால் நான் வாசலுக்குப் போவதில்லை. அடுக்களைக்குப் போகிறேன். கலயத்தின் முடிச்சை அவிழ்த்து, மணிக்கட்டு முங்க அரிசிக்குள் கையை விட்டு அடிவரைக்கும் துழாவுகிறேன். அரிசிதான் இருக்கும். திரும்பவும் கட்டிவைக்கிறேன். கட்டுப்போட்ட விதம் வாரத்துக்கு வாரம் மாறுவதைப் பைபிள் அம்மா கவனித்திருக்கிறாள். சனிக்கிழமை வந்து, என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவிழ்த்துச் சுளகில் கொட்டுவாள்.